செல்லமுத்துவின் தராசும் ஒரு 'ஆகட்டுங்க'வும்

போன மாதம் கவிதா போன் செய்தாள். பெருந்துறையிலிருந்து கொடுமுடி போகிற வழியில் இருக்கும் ஒரு சிறிய ஊரின் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் இப்போது அவள்தான் செயலாளர். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு எழுத்தராக வந்து சேர்ந்தவள்.

"அக்கா, அடுத்த வாரத்துல இருந்து ஏலப்பெட்டி இல்லீங்க. யாவாரிங்க எல்லாம் போன்லயே வெல போட்டுருவாங்க. வெவசாயிக்கும் போன்லயே வெல வந்துருமுங்க. சம்மதம்னா பச்சை, இல்லீனா செவப்பு. அமுக்குனா முடிஞ்சுதுங்க."

"ரெண்டே பொத்தானா?"

"ரெண்டு போதாதுங்களா?"

"நம்ம சனத்துக்கு மூணு வேணுமே கண்ணு" என்றேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். பிறகு, சங்கத்து ஆண்டு மலருக்கு அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கும்படி கேட்டாள். எழுத உட்கார்ந்தால் பெட்டி ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. அதன் பிறகு எழுதியதெல்லாம் ஒரு தராசைப் பற்றித்தான். மலரில் போடுவதும் போடாததும் அவள் இஷ்டம்.

நான் கோயம்புத்தூர்க்காரி. பெயர் எஸ்தர். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். கூட்டுறவுப் பயிற்சியை முடித்த கையோடு இந்த ஊரில் தரம் பிரிப்பவராக வேலை கிடைத்தது. வரும்போது எனக்குத் தேங்காயைத் துருவத் தெரியும், அவ்வளவுதான். கொப்பரையை இங்கே பருப்பு என்பார்கள் என்பதுகூடத் தெரியாது. "பருப்பு எத்தன மூட்டைங்க?" என்று முதல் நாள் ஒருவர் கேட்டதற்கு, "துவரம்பருப்பா, பாசிப்பருப்பா?" என்று நான் திருப்பிக் கேட்டதை இருபது வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆறு மாதத்தில் பழகிவிட்டேன். நன்றாகக் காய்ந்த பருப்பை இரண்டு கையாலும் உடைத்தால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். ஈரம் இருந்தால் உடையாமல் வளையும். வெள்ளையாகத் தெரியவேண்டும் என்று கந்தகப் புகை போட்டிருந்தால் உடைத்த இடத்தில் மூக்கு எரியும். ஒரு நாளைக்கு இருநூறு மூட்டையில் கை விட்டு உடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், "தலைக்கு எண்ணெய் வைக்கவே வேண்டாம், உன் கையால் ஒரு தடவு தடவினால் போதும்" என்பார் என் வீட்டுக்காரர். அந்த வாசனை இப்போது என் கையில் இல்லை. சில நாள் அடுப்படியில் சும்மாவாவது ஒரு பருப்பை உடைத்துப் பார்க்கிறேன்.

நான் சேர்ந்த வருஷம்தான் கொப்பரை ஏலம் தொடங்கியது. அதற்கு முன்பு அந்த வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகக் களத்து வியாபாரிகள் வருவார்கள். மொபெட்டில் சாக்கும் தூக்குத் தராசும் கட்டிக்கொண்டு வந்து, உலர்த்தியிருக்கும் களத்திலேயே எடை போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். விலை பேசுவதைப் பார்க்க வேண்டும். "நீங்களே சொல்லுங்க" என்பார் வியாபாரி. "நீங்க பாத்துப் போடுங்க" என்பார் தோட்டக்காரர். மோர் குடித்து, மழையைப் பற்றிப் பேசி, மறுபடியும் "நீங்களே சொல்லுங்க." அத்தனை மரியாதையும் முடிந்து கணக்குப் பார்த்தால் தோட்டக்காரருக்குத்தான் குறைவாக வந்திருக்கும்.

இதை மாற்றத்தான் ஏலம் வந்தது. அதை நடத்திய செயலாளர் ரங்கசாமி ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

ஐயா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் 'ங்க' கூடும். சாதாரணமாக, "அம்மணி, அந்த ரிஜிஸ்தர எடுங்க" என்பார். கோபம் வந்துவிட்டால், "வாங்க அம்மணி, உக்காருங்க, தண்ணி குடிங்க, என்னங்க இதுங்க, எப்புடிங்க இப்புடிப் பண்ணுனீங்க" என்று வரிசையாக வரும். நான்காவது 'ங்க'வைத் தாண்டினால் யாருக்கும் காலில் நிற்க முடியாது. வாட்ச்மேனுக்கும் அதே மரியாதைதான், மந்திரிக்கும் அதே மரியாதைதான்.

ஏலத்துக்கு அவர் வைத்த முறைகள் எல்லாம் அவர் தலையில் உதித்தவை. புதன்கிழமை காலை மூட்டைகள் வரிசையாக அடுக்கப்படும். ஒவ்வொருவர் சரக்கும் ஒரு லாட். நான் தரம் பார்த்துச் சீட்டு எழுதி வைப்பேன். பதினொரு மணிக்கு வியாபாரிகள் உள்ளே வந்து பார்த்து, ஒவ்வொரு லாட்டுக்கும் விலையைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பச்சைத் தகரப் பெட்டியில் போடவேண்டும். அந்தப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஐயாவிடம், இன்னொன்று அன்றைக்குச் சரக்குக் கொண்டுவந்தவர்களில் யாராவது ஒருவர் கையில். சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தால்தான் திறப்பார்.

வியாபாரிகளுக்கு நாற்காலி கிடையாது. ஒரு மில்காரர் முட்டிவலி என்று நாற்காலி கேட்டார். "உக்காந்தா பேசத் தோணுமுங்க. நீங்க பேசிப்போட்டீங்கன்னா வெல படுத்துக்குமுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். டீயும் பெட்டி திறந்த பிறகுதான். அந்த டீக்காக ஒரு மணி எப்போது அடிக்கும் என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இஞ்சி தட்டிப் போட்ட அந்த மாதிரி டீயை அதன் பிறகு நான் குடித்ததில்லை.

ஏலத்துக்குச் சரக்கு வரவேண்டுமே. அதற்காக வேனில் மைக் கட்டி ஊர் ஊராகப் போனோம். முத்திரை போட்ட சோதனை எடைக்கற்கள் எங்களிடம் இருந்தன. களத்து வியாபாரிகள் தங்கள் தராசுகளைக் கொண்டுவந்தால் ஊர்ச் சனத்தின் முன்னால் சோதித்துக் காட்டுவோம் என்று அறிவித்தோம். கொண்டுவராவிட்டால் குற்றம் உள்ளவர் என்று ஆகிவிடும், ஆகவே வந்தார்கள். ஒரு ஊரில் கோயில் முன்னால் நான்கு பேர் வந்திருந்தார்கள். அன்றைக்கு ஐயா ஈரோட்டில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்ததால் மைக் என் கையில் இருந்தது.

முதல் தராசு மூட்டைக்கு ஒரு கிலோவுக்கு மேல் விழுங்கியது. சனம் 'ஓ'வென்று கூச்சல் போட்டது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதன் தட்டுக்கு அடியில் ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். அதைப் பிரித்துக் காட்டியபோது எனக்கே கைதட்டத் தோன்றியது. இருபத்து மூன்று வயது, கையில் மைக், முன்னால் முந்நூறு பேர். தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது.

நான்காவது தராசு செல்லமுத்துவுடையது. மெலிந்த மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம். சொந்தமாக ஒரு சின்னச் செக்கும் ஒரு மொபெட்டும் வைத்திருந்தார். அவர் தராசில் எங்கள் கல்லை வைத்தேன். முள் நேராக நின்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வைத்தேன். நூல் பிடித்த மாதிரி அப்படியே நின்றது.

அதைச் சொல்லியிருக்க வேண்டும். "இந்தத் தராசு சரியான தராசுங்க" என்று நாலு வார்த்தை. சொன்னால் அந்த ஊர்ச் சரக்கு அவரிடமே போய்விடுமே, ஏலத்துக்கு வராதே என்ற எண்ணம் ஒரு நொடி வந்தது. அந்த ஒரு நொடியில் கல்லைக் கீழே எடுத்து வைத்துவிட்டு மைக்கில் சொன்னேன்: "பாத்துக்கிட்டீங்களா? களத்துத் தராசு எல்லாமே ஒண்ணுதான். இனிமே உங்க பருப்புக்குச் சங்கத்துத் தராசுதான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. செல்லமுத்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று பார்ப்பது போல் பார்த்தார். தராசுச் சங்கிலியைச் சுருட்டித் துண்டில் கட்டி மொபெட்டில் வைத்தார்.

"ஆகட்டுங்க அம்மணி. வாரேனுங்க" என்றார்.

ஆகட்டும் என்றால் சம்மதம் என்று நினைத்தேன். கோயம்புத்தூரிலும் அந்த வார்த்தை உண்டு. எங்கள் வீதியில் ஆகட்டும் என்றால் ஆகட்டும்தான். மனுஷன் ஒத்துக்கொண்டு போகிறார் என்று எனக்குள் சமாதானம் வேறு.

ஏலம் பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு வருஷம் திருவிழாதான். வெளியூர் மில்காரர்கள் போட்டி போட்டு விலை எழுதினார்கள். தோட்டக்காரர்கள் வீட்டில் கல்யாணங்கள் நடந்தன, ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டார்கள். பத்திரிகை கொடுக்க வரும்போது, "சங்கத்து அம்மணி கண்டிப்பா வரோணுங்க" என்பார்கள். எத்தனை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்! வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அந்தப் புதன்கிழமைகளைத்தான் சொல்வேன். எங்கள் சங்கம் நல்ல காரியம் செய்தது, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை.

களத்து வியாபாரிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். ஒருவர் டெம்போ ஓட்டப் போனார். ஈயம் ஊற்றியவர் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்து, அதிலும் நன்றாகவே இருந்தார் என்று கேள்வி. செல்லமுத்து மட்டும் விடவில்லை. ஏலத்தில் விலை எழுத அவருக்கு வழியில்லை. ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டவேண்டிய முன்வைப்புத் தொகை பெரியது, அதோடு பத்து மூட்டைக்குக் குறைந்த லாட் கிடையாது என்று விதி. சிறு தோட்டக்காரர்களின் ஒன்றிரண்டு மூட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரிய லாட்டாக்கித்தான் வைப்போம். ஆகவே புதன்கிழமைகளில் சங்கத்து வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் மொபெட்டை நிறுத்திக்கொண்டு நிற்பார். நான் தரம் போதாது என்று ஒதுக்கிய பருப்பை, நனைந்ததை, உடைந்ததை அவர் வாங்கிக்கொள்வார். நான் உள்ளே போகும்போது "வாங்க அம்மணி" என்பார். நானும் தலையாட்டிவிட்டு வேகமாகப் போய்விடுவேன்.

அப்புறம் ஒரு நாள் ஐயா சீட்டுகளைப் பிரித்து லாட் வாரியாக மேஜையில் பரப்பி வைத்தார். "அம்மணி, இங்க வந்து பாருங்க. ஆறு பேர் எழுதியிருக்காங்க. இந்த லாட்டுக்கு இவரு ஒசத்தி, அடுத்ததுக்கு அவரு, அதுக்கடுத்து இன்னொருத்தரு. ஒவ்வொண்ணுலயும் ஒருத்தரு மட்டும் ஒரு ரூவா கூட, மத்தவிங்க எல்லாம் கீழ. முறை வெச்சு எழுதறாங்கங்க."

நாற்காலி கொடுக்காவிட்டால் என்ன, அவர்கள் வருகிற வழியில் ஏதாவது ஓட்டலில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். களத்து வியாபாரி இருந்தவரை, விலையைக் குறைத்தால் சரக்கு களத்துக்கே போய்விடும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தை நாங்களே ஊர் ஊராகப் போய் மைக் வைத்து ஒழித்துக் கொடுத்திருந்தோம். விலை இறங்க ஆரம்பித்தது, கேட்க ஆளில்லை.

இந்தச் சமயத்தில்தான் முத்தாயம்மாள் விவகாரம் நடந்தது. முத்தாயம்மாளுக்கு இருந்தது நாற்பது தென்னை. புருஷன் இல்லை, மகளுக்குப் பிரசவ நேரம். மூன்றே மூட்டைதான் என்றாலும், அன்றைக்கு ஒன்றாகச் சேர்க்க வேறு சில்லறைச் சரக்கு வராததால் தனி லாட்டாகவே வைத்திருந்தேன். கடைசி நாள் தூறலில் கொஞ்சம் நனைந்த பருப்பு, ஆகவே இரண்டாம் தரம் போட்டிருந்தேன். அந்த லாட்டுக்கு விழுந்த விலையைப் படிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. சங்கத்து விதிப்படி விலை பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். மைக்கில் விலையைச் சொல்லி, "முத்தாயம்மா, சம்மதமா?" என்று கேட்டேன்.

கூட்டத்தில் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆகட்டுங்க அம்மணி, வாரேனுங்க" என்றார்.

நான் ரிஜிஸ்தரில் 'சம்மதம்' என்று எழுதிவிட்டு அடுத்த லாட்டுக்குப் போனேன்.

அரை மணி கழித்து மூட்டைகள் இருந்த இடத்தில் முத்தாயம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தார். வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா போய் விசாரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க. மூட்டையக் காணமுங்க. வெளிய செல்லமுத்து பரவால்லாம ஒரு வெல சொன்னாருங்க. சாக்கு தூக்க ஆளக் கூட்டியாரப் போனனுங்க. வந்து பாத்தாக் காணமுங்க."

"நீங்க சம்மதம்னு சொல்லிப்போட்டீங்களேங்க?"

"நானெங்கீங்க சொன்னேன்? வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா எப்புடிங்க சொல்றது? அம்மணி இத்தன பேருக்கு முன்னால மருவாதியாக் கேக்கறப்போ. அதான் ஆகட்டுங்கன்னு சொல்லிப்போட்டுப் போனேன்."

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். "வாங்க அம்மணி. உக்காருங்க. தண்ணி குடிங்க" என்று ஆரம்பித்தவர், பிறகு என்ன நினைத்தாரோ, அங்கேயே நிறுத்திக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாதுங்க அம்மணி. இங்க ஆகட்டுங்கன்னா சரிங்கறதும் உண்டு. இந்தப் பேச்சு போதும், நான் கெளம்பறேங்கறதும் உண்டு. எது எதுன்னு அவிங்கவிங்க மொகத்தப் பாத்துத்தான் சொல்லோணும்."

மூட்டைகள் லாரியில் ஏறியிருந்தன. வாங்கிய மில்காரர் இறக்க மாட்டேன் என்றார். ரிஜிஸ்தரில் சம்மதம் என்று எழுத்தாக இருக்கிறது, எழுதியது உங்கள் ஆள், விதி உங்கள் விதி என்றார். பேச்சில் நியாயம் இருந்தது. ஐயா என்னிடம் மைக்கைக் கொடுத்தார். "தப்பு யாருதுன்னு சொன்னாப் போதுங்க."

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கை உண்டு. எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்வோம், யார் பாவம் என்ன பாவம் என்று யாருக்கும் தெரியாது. தனியாக, மைக்கில், பேர் சொல்லிச் சொல்வது வேறு. ஆனாலும் சொன்னேன். முத்தாயம்மாள் சம்மதிக்கவில்லை, நான் தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன், தவறு என்னுடையது என்றேன். வளாகமே லாரியைப் பார்த்தது. இத்தனை பேர் பார்க்கும்போது மில்காரரால் என்ன செய்ய முடியும்? மூன்று மூட்டையையும் இறக்கினார்கள்.

அதற்கடுத்த வாரமே ஐயா புது முறை கொண்டுவந்தார். ஒவ்வொரு லாட்டின் முதல் மூட்டையிலும் எண் எழுதிய ஒரு தகர வில்லை தொங்கும். விலை பிடித்தால் அந்த வில்லையைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைக்கவேண்டும். பிடிக்காவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம். "நம்மாளுங்க வாய் இல்லீன்னு சொல்லாதுங்க அம்மணி. கையப் பாருங்க" என்றார். அதன் பிறகு நான் யார் பேசினாலும் கையைத்தான் பார்ப்பேன். அந்த முறையில் ஒரு நாள்கூடத் தகராறு வந்ததில்லை.

முத்தாயம்மாளின் மூட்டைகள் புளியமரத்தடிக்குப் போன அன்றைக்கே ஐயாவும் அங்கே போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. செல்லமுத்து தராசைக் கிளையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க செல்லமுத்து, வெளிய நின்னுட்டு இந்த வெல சொல்றவரு உள்ள வந்து சொல்லலாமுங்களே?"

"எங்களுக்கெல்லாம் உள்ள எடமேதுங்க?"

"எடம் பண்ணலாமுங்க. மூலைல ஒண்ணு ரெண்டு மூட்டைகளத் தனி லாட்டா வெக்கறேன். முன்வைப்பும் கொறைச்சுக்கலாம். கமிட்டியில நான் பேசிக்கறேன். ஆறு பேரு முறை வெச்சு எழுதறாங்க, முறையில இல்லாத ஏழாவது ஆளு ஒருத்தரு எனக்கு வேணுமுங்க. என்ன, களத்து யாவாரின்னா கமிட்டியில தராசப் பத்திக் கேப்பாங்க."

செல்லமுத்து முள்ளை ஒரு விரலால் தட்டி நிறுத்தினார். "எந்தராசப் பத்தி அம்மணிக்குத் தெரியுமுங்களே."

ஐயா என் பக்கம் திரும்பினார். "சரியான தராசுங்க சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

திரும்பி நடந்து வரும்போது ஐயா கேட்டார்: "அன்னிக்கு மைக்குல அப்புடிச் சொல்லலீங்களாட்ட இருக்குதே?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "அத அம்மணிதானுங்க பாத்துக்கோணும்" என்றார். அதில் ஒரே ஒரு 'ங்க'தான் இருந்தது. அதுதான் அதிகமாக வலித்தது.

செல்லமுத்து உள்ளே வந்தார். முதல் வாரம் மூலை லாட்டுகளில் நான்கு அவருக்கு விழுந்தன. ஆறு பேரும் இதென்ன என்று பார்த்தார்கள். மூன்றாவது வாரம் அவர் பெரிய லாட் ஒன்றுக்கும் விலை எழுதிப் போட்டார். அவரால் அதை வாங்கியிருக்க முடியுமா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஆனால் முறை வைத்து எழுதியவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு செக்குக்காரர்கள் வந்தார்கள். விலை எழுந்து உட்கார்ந்தது. மொபெட்டில் வந்த ஒரு மனிதர் லாரியில் வந்தவர்களைத் தூங்கவிடாமல் செய்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நான் பாக்கி வைத்திருந்த வேலையை மட்டும் செய்யவில்லை. அடுத்த புதன்கிழமை சொல்லலாம் என்று இருந்தேன். அன்றைக்கு மழை. அதற்கடுத்த வாரம் கமிட்டித் தலைவர் வந்திருந்தார். பிறகு பதவி உயர்வு நேரம். பிறகு இத்தனை நாள் கழித்து எதற்கு என்று தோன்றியது. மைக் வாரா வாரம் என் கையில்தான் இருந்தது. லாட் நம்பர் படித்தேன், விலை படித்தேன், காணாமல் போன சாவிக்கொத்து யாருடையது என்றுகூட அறிவித்தேன். ஐயா ஓய்வு பெற்றுப் போன அன்று எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் வந்து, "அந்த வேலையொண்ணு அப்புடியே இருக்குதுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார். இப்படி ஒரு மனிதரிடம் வேலை பார்த்தேன் என்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, அதே அளவு வெட்கமாகவும் இருக்கிறது.

செல்லமுத்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. வருஷக்கணக்கில் புதன்கிழமை தவறாமல் "வாங்க அம்மணி" என்பார். என் மகன் கல்யாணத்துக்குச் செக்கு எண்ணெய் ஒரு டின் அனுப்பினார். காசு வாங்க மறுக்கவும் இல்லை, ஒரு பைசா கூடுதலாக வைக்கவும் இல்லை. அதுதான் அவர்.

எனக்கு ஓய்வு வந்ததும் ஒரு புதன்கிழமைதான். ஏலம் முடிந்து பெட்டியை மூடிய பிறகு மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், கவிதா கண்ணீர் விட்டாள். நாலு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள். நாலு வார்த்தை என்றதும் எனக்கு அந்த நாலு வார்த்தைதான் நினைவுக்கு வந்தது.

சொன்னேன். ஏலம் தொடங்கிய வருஷம் கோயில் முன்னால் நான்கு தராசுகளைச் சோதித்தது, மூன்று குறைவாக இருந்தது, நான்காவது செல்லமுத்துவுடையது சரியாக இருந்தது, தெரிந்தே நான் எல்லாம் ஒன்றுதான் என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். "இது சரியான தராசுங்க. அன்னிக்கே சொல்லியிருக்கோணும்" என்று முடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவார்கள்? அன்றைக்குக் கோயில் முன்னால் நின்ற முந்நூறு பேரில் அங்கே பத்துப் பேர்கூட இல்லை. பாதிப் பேர் செத்துப் போயிருந்தார்கள். இளவட்ட வியாபாரிகள் தூக்குத் தராசையே பார்த்தது கிடையாது, என்ன சொல்கிறாள் இந்த அம்மாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பொய் சொன்ன சனம் வேறு, உண்மை சொன்ன சனம் வேறு. இத்தனை வருஷம் தள்ளிப்போட்டதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செல்லமுத்து வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மாலையோடு அவரிடம் போனேன்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். கோயில் முன்னால் பார்த்த அதே பார்வை.

"ஆகட்டுங்க அம்மணி" என்றார். "வாரேனுங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் இருந்தவள் நான். ஆயிரம் ஆகட்டுங்க கேட்டிருக்கிறேன். முகத்தைப் பார்த்து எது சரி, எது கிளம்புகிறேன் என்று பிரிக்கத் தெரியும் என்று பெருமை பேசியவள். அன்றைக்கு அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐயா சொன்னது ஞாபகம் வந்து அவர் கைகளைப் பார்த்தேன். இரண்டும் மொபெட்டின் கைப்பிடியில் இருந்தன.